அட்டை உண்டு, படுக்கை எங்கே?
அந்தமானில் தனியார் மருத்துவக் காப்பீடும் உழைக்கும் மக்களும்

அந்தமான் தீவுகளின் தலைநகரில் காப்பீட்டு முகவர்களின் நடமாட்டம் கூடியிருக்கிறது. ஜங்லிகாட் குடியிருப்புகளிலும் டெலானிப்பூர் கடைத்தெருவிலும் அலுவலக வாயில்களிலும் அவர்கள் முன்வைக்கும் கேள்வி ஒன்றுதான்: “எந்தத் திட்டம் வேண்டும்? தனிநபர் பாலிசியா, குடும்ப ஃப்ளோட்டரா, தீவிர நோய்ப் பாலிசியா, சூப்பர் டாப்-அப்பா?” வண்ணத்தாளில் நான்கு கட்டங்கள், கட்டத்துக்கொரு விலை. தேர்வு செய்யும் உரிமை நுகர்வோருக்கே என்பது அவர்களின் முழக்கம்.

பொதுப்பணித் துறையில் ஆண்டுக்கணக்கில் தினக்கூலி மஸ்தூராக உழைப்பவர், படகுத்துறையில் சுமை தூக்குபவர், சுற்றுலா விடுதியில் ஒப்பந்த வேலை பார்ப்பவர் ஆகியோர் முன் இக்கேள்வி வைக்கப்படும்போது இயக்கத் தோழர்களிடமிருந்து இருவகை விடைகள் எழுகின்றன. “மருத்துவம் அரசின் கடமை; தனியார் காப்பீட்டுக்குப் பணம் கட்டுவது சரணாகதி” என்பது ஒன்று. “கொள்கை வேறு, குடும்பம் வேறு, கிடைப்பதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்” என்பது மற்றொன்று. முதல் விடை, நாளை காலை நெஞ்சுவலியோடு கப்பலுக்குக் காத்திருக்கும் தொழிலாளிக்கு எதையும் தருவதில்லை. இரண்டாவது விடை, அந்தக் காத்திருப்பை என்றைக்கும் ஒழிக்கப்போவதில்லை. இரண்டையும் கடந்து தெளிவு பெற வேண்டுமானால், காப்பீடு எதை விற்கிறது, தீவில் வாழ்பவருக்கு எது தேவைப்படுகிறது என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

தீவின் நிலவரம்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வாழ்வோர் 3,80,581 பேர். ஏறத்தாழ ஏழில் ஒருவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர். மக்கள் முப்பதுக்கும் மேற்பட்ட தீவுகளில் சிதறி வாழ்கின்றனர். உயர்நிலைச் சிகிச்சைக்கு அவர்கள் அனைவரும் வந்து சேரும் இடம் ஸ்ரீ விஜயபுரம் என 2024 செப்டம்பரில் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயரின் ஜி.பி. பந்த் மருத்துவமனை. அதனோடு இணைந்த மருத்துவக் கல்லூரி 2015இல் தொடங்கப்பட்டது. மாயாபந்தரிலும் கார் நிக்கோபாரிலும் மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகள் உள்ளன. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து வந்து கட்சால் தீவின் ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களும், கிரேட் நிக்கோபாரின் கேம்பல் பே மக்களும், பெரிய நோய் என்றால் முதலில் தலைநகருக்குக் கப்பலோ ஹெலிகாப்டரோ பிடிக்க வேண்டும். அங்கும் முடியாதபோது சென்னை, வேலூர், கொல்கத்தா என்று பெருநிலத்துக்குச் செல்ல வேண்டும். தீவு மக்களின் வழக்கில் அது ‘மெயின்லேண்ட்’. கடல்வழியில் சென்னை சுமார் 1,200 கிலோமீட்டர். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். கப்பலில் மூன்று நாள் அளவு.

2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு ஒரு செய்தியைச் சொல்கிறது. குடும்பத்தில் ஒருவராவது ஏதேனுமொரு மருத்துவக் காப்பீட்டிலோ நிதித் திட்டத்திலோ சேர்ந்துள்ள வீடுகள் நாடு முழுவதும் 41 சதவீதம். அந்தமானில் 2 சதவீதம் மட்டுமே. நாட்டிலேயே மிகக் குறைவு இதுதான். காப்பீட்டு நிறுவனங்களின் கண்ணுக்கு இது இன்னும் உழப்படாத நிலம். ஆனால் இந்த எண்ணிக்கைக்கு மற்றொரு பொருளும் உண்டு. நூறு வீடுகளில் தொண்ணூற்றெட்டு வீடுகள் காப்பீடின்றி இருந்தும் அங்கே மகப்பேறு நடந்தது, எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடப்பட்டது, மலேரியாவுக்கு மருந்து கிடைத்தது. அரசு மருத்துவமனை இருந்தது என்பதே காரணம். தனியார் மருத்துவமனைகள் பெரிதாக வேரூன்றாத அத்தீவுகளில் மக்களைத் தாங்கி நிற்பது பொது மருத்துவ அமைப்புதான். அதன் குறைகளைச் சொல்லும்போது இந்த உண்மையை மறக்கலாகாது.

ஒவ்வொரு வகையும் எதைத் தருகிறது

முகவர் நீட்டும் தாளின் முதல் கட்டம், மருத்துவமனைச் செலவை ஈடுசெய்யும் தனிநபர் அல்லது குடும்பப் பாலிசி. குடும்ப ஃப்ளோட்டரில் ஒரே காப்பீட்டுத் தொகை வீட்டினர் அனைவருக்கும் பொது. இளம் தம்பதிக்கு இது மலிவாகும். முதிய பெற்றோரையும் அதிலேயே சேர்த்தால், மூத்தவரின் வயதை வைத்தே பிரீமியம் உயரும். ஒருவரின் நோய் மற்றவர்களின் பாதுகாப்பையும் தின்றுவிடும்.

இத்தகைய பாலிசிகளில் தொகையைக் காட்டிலும் நிபந்தனைகளே முக்கியம். அறை வாடகை உச்சவரம்பை எடுத்துக்கொள்ளலாம். மூன்று லட்ச ரூபாய்ப் பாலிசியில் நாள் வாடகை ஒரு சதவீதம், அதாவது 3,000 ரூபாய் எனக் கட்டுப்பாடு இருக்கிறது. நோயாளிக்குக் கிடைத்ததோ 6,000 ரூபாய் அறை. இழப்பு வாடகையின் பாதியோடு நிற்பதில்லை. மருந்து, பொருத்தப்படும் கருவிகள், பரிசோதனைகள் நீங்கலாக, மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவையும் அதே விகிதத்தில் பாதியாக வெட்டப்படும். அக்கட்டணங்கள் 80,000 ரூபாய் என்றால் கையிலிருந்து 40,000 போகும். பாலிசித் தொகையில் மூன்றில் ஒரு பங்குகூடச் செலவாகியிராது. ஆனாலும் தொழிலாளி கடனாளியாகியிருப்பார்.

தீவுவாசிக்கென்றே உள்ள பொறி மற்றொன்று. பல நிறுவனங்கள் நாட்டை மண்டலங்களாகப் பிரித்துப் பிரீமியம் நிர்ணயிக்கின்றன. பெருநகரங்களுக்கு ஒரு விலை, சிறு ஊர்களுக்கு ஒரு விலை. அந்தமான் முகவரியில் குறைந்த மண்டல விலைக்கு வாங்கிய பாலிசியோடு சென்னை போன்ற உயர் மண்டல நகரில் சிகிச்சை பெற்றால், சில பாலிசிகள் பில்லில் ஒரு பங்கை நோயாளியின் தலையில் கட்டுகின்றன. பெரிய நோய்க்குச் சென்னைக்குத்தான் போகப் போகிறார் என்று தெரிந்திருந்தும் மலிவு விலையை மட்டும் சொல்லி விற்பது நடக்கிறது. மண்டல நிபந்தனை உண்டா என்பதே தீவில் பாலிசி வாங்குபவர் கேட்க வேண்டிய முதற்கேள்வி.

இரண்டாம் வகை, புற்றுநோய், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு போன்ற பட்டியலிட்ட நோய்கள் கண்டறியப்பட்டதும் மொத்தத் தொகையாக வழங்கும் தீவிர நோய்ப் பாலிசி. மருத்துவமனை பில் தேவையில்லை. பணத்தைப் பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் இழந்த கூலிக்கும் பயன்படுத்தலாம். இந்த வகையில் தீவுவாசிக்கு இதன் பயன் பெருநிலத்தாரைவிடக் கூடுதல். ஆனால் பாலிசி எடுத்த தொடக்க மாதங்களில் கண்டறியப்படும் நோய்க்குத் தொகை கிடைக்காது. நோய் குறிப்பிட்ட கடுமையை எட்டியிருக்க வேண்டும். கண்டறியப்பட்ட பின் நோயாளி குறிப்பிட்ட நாள்கள் உயிரோடிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் உள்ளன. தொடக்க நிலையிலேயே கண்டறியப்பட்ட புற்றுநோய் மருத்துவருக்கு மகிழ்ச்சி தரும். பாலிசிப்படி அது ‘போதிய நோய்’ ஆகாமல் போகலாம். மருத்துவமனையில் தங்கும் நாளொன்றுக்கு நிலையான தொகை தரும் தினப்படிப் பாலிசி சிறியது. எனினும் உடன் வந்தவரின் உணவுக்கும் தங்கலுக்கும் அது உதவும்.

மூன்றாம் வகை, குறிப்பிட்ட தொகைக்கு மேல் மட்டுமே பொறுப்பேற்கும் டாப்-அப். மூன்று லட்சத்துக்கு மேல் என்ற வரம்புள்ள பாலிசியை வைத்திருப்பவர் ஓராண்டில் இரு முறை இரண்டிரண்டு லட்ச ரூபாய் செலவழிக்கிறார் எனக் கொண்டால், சாதாரண டாப்-அப் ஒரு காசும் தராது. ஒவ்வொரு செலவும் தனித்தனியே வரம்பைத் தாண்ட வேண்டும் என்று சொல்லும். சூப்பர் டாப்-அப் ஆண்டின் மொத்தச் செலவைக் கூட்டி, ஒரு லட்சத்தைத் தரும். பெயரில் ஒரு சொல்தான் வேறுபாடு. ஏற்கெனவே அரசுத் திட்டமோ வேலையிடப் பாதுகாப்போ உள்ளவருக்குச் சூப்பர் டாப்-அப் குறைந்த செலவில் பெரிய இடரைத் தாங்கும்.

நான்காவது, வேலையளிப்பவர் வழங்கும் குழுக் காப்பீடு. பெரும்பாலும் காத்திருப்புக் காலம் இல்லை. பழைய நோய்களும் அடங்கும். ஆனால் வேலை போனால் காப்பீடும் போகும். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத மாதத்தில் நோய் வந்தால் அட்டை வெறும் தாள். வேலையை விட்டு விலகும்போது அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ளும் வழி உண்டு; இதைத் தொழிலாளிக்குச் சொல்லித்தருவோர் அரிது. ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்தும் பிரதமர் சுரக்ஷா பீமாவை மருத்துவக் காப்பீடு எனப் பலர் எண்ணியிருக்கின்றனர். அது விபத்து மரணத்துக்கும் ஊனத்துக்கும் மட்டுமே, காய்ச்சலுக்கு அல்ல.

எந்தத் தாளிலும் இல்லாத செலவு

மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிவிடை செய்பவர் என மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்தார். நான்காமவரைக் காப்பீட்டுத் தாள் அறியாது. அந்தமானிலிருந்து சென்னைக்கு வரும் நோயாளி தனியாக வருவதில்லை; மனைவியோ மகனோ அண்ணனோ கூடவே வருகிறார். இருவரின் பயணச் செலவு, மருத்துவமனைக்கு அருகில் வாரக்கணக்கில் அறை வாடகை, உணவு, தீவில் இழந்த இருவரின் கூலி, பின் மறுபரிசோதனைக்கு மீண்டும் அதே பயணம். அவசர நிலையில் ஏர் ஆம்புலன்ஸ் செலவைத் தரும் பாலிசிகள் உண்டு. சாதாரணக் கப்பல், விமானப் பயணச்சீட்டு வழக்கமான பாலிசிகளில் அடங்குவதில்லை. புறநோயாளிச் சிகிச்சையும் அன்றாட மாத்திரைகளும் பெரும்பாலும் வெளியே. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவரின் மாதச் செலவு முழுதும் இந்த ‘வெளியே’தான் இருக்கிறது.

காப்பீட்டு மொழியில், நிறுவனம் பணம் தரத் தொடங்குமுன் நோயாளி தானே தாங்க வேண்டிய தொகை என்று ஒன்று உண்டு. தீவுவாசிக்கு அந்த முதற்கழிவு கடல். எந்தப் பாலிசியைத் தேர்ந்தெடுத்தாலும் அது குறைவதில்லை.

தமிழ்நாட்டில் கரையிறங்கியதும் மற்றோர் உண்மை தெரியவரும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை உள்ளோருக்கானது. மொழி ஒன்றாக இருந்தும் அந்தமான் தமிழர் அதற்கு உரியவரல்லர். ஆனால் துறைமுகத்துக்கு அருகிலுள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனை நோயாளியின் மாநிலம் பார்த்துத் திருப்பி அனுப்புவதில்லை. அட்டை எல்லைக்குள் செல்லுபடியாகும். பொது மருத்துவமனையின் கதவு எல்லை கடந்தும் திறந்திருக்கும். இரண்டு அமைப்புகளின் வேறுபாட்டை இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது.

காப்பீட்டை நாடச் செய்தவர்கள் யார்

1946இல் போர் குழு, பணம் கட்ட இயலாத காரணத்தால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்ற அடிப்படையில் அரசே நடத்தும் மருத்துவ அமைப்பைப் பரிந்துரைத்தது. 1948இல் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் வந்தது. தொழிலாளியும் முதலாளியும் பங்களிக்க, நோயின் அளவுக்கேற்ப அல்லாமல் ஊதியத்தின் அளவுக்கேற்பக் கட்டணம் என்ற சமூகக் காப்பீட்டு நெறி அது. 1973 முதல் பொதுக் காப்பீடு நாட்டுடைமையாக இயங்கியது. 1986இல் மெடிக்கிளெய்ம் பாலிசியைக் கொண்டுவந்ததும் பொதுத்துறைதான். 1999 சட்டத்துக்குப் பின் தனியார் நுழைந்தனர். அந்நிய முதலீட்டு வரம்பு 26 சதவீதத்தில் தொடங்கி, 2015இல் 49, 2021இல் 74 என உயர்ந்தது. 2025 பட்ஜெட் உரையில் 100 சதவீதம் என அறிவிக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் நிறைவேறிய திருத்தம், பொதுத்துறைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் அரசின் பங்கு 51 சதவீதத்துக்குக் கீழே போகவும் வழி திறந்தது.

விளைவைக் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையத்தின் கணக்கே காட்டுகிறது. 2023–24இல் மருத்துவக் காப்பீட்டை மட்டுமே நடத்தும் தனியார் நிறுவனங்கள் பெற்ற பிரீமியத்தில் நூற்றுக்குச் சுமார் 65 ரூபாயைத்தான் இழப்பீடாக வழங்கின. பொதுத்துறை நிறுவனங்களில் அந்த விகிதம் நூறைத் தாண்டியது. பெருநிறுவனங்களின் குழுக் காப்பீட்டைக் குறைந்த விலைக்கு ஏற்றதும் பொதுத்துறையின் சுமைக்கு ஒரு காரணம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் நூறு ரூபாய் கட்டியவரிடம் முப்பத்தைந்து ரூபாய் திரும்பி வராத ஏற்பாட்டை ‘திறமை’ என்று புகழ்வோர், அது யாருடைய திறமை என்பதைச் சொல்ல வேண்டும்.

2018 செப்டம்பர் 23 அன்று தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் என்றது. 2024 அக்டோபர் முதல் 70 வயது கடந்த அனைவருக்கும் விரிந்தது. தீவு நிர்வாகமும் பெருநிலத்துக்கு அனுப்பப்படும் நோயாளிகளுக்காகத் தனியே ஒரு காப்பீட்டுத் திட்டத்தை நடத்திவருகிறது. தகுதியுள்ள ஒவ்வொருவரும் இவற்றைப் பெறத்தான் வேண்டும். ஆனால் இத்திட்டங்களின் உள்ளிருக்கும் தர்க்கம் கவனத்துக்குரியது: மருத்துவமனை கட்டுவதற்குப் பதிலாக மருத்துவமனைக் கட்டணத்தை அரசு கட்டும். கட்டணம் கட்ட வேண்டிய மருத்துவமனை 1,200 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும்போது, ஐந்து லட்சம் என்ற எண் சுவரொட்டியில் மட்டுமே பெரிதாகத் தெரியும். 2017 தேசிய சுகாதாரக் கொள்கை 2025க்குள் பொதுச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக்குவதாக வாக்களித்தது. 2021–22 கணக்கின்படி அது 1.84 சதவீதம்; நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்களின் சட்டைப்பையிலிருந்து நேரடியாகச் சென்றது. இதே அரசு கிரேட் நிக்கோபாரில் காட்டை அழித்துத் துறைமுகமும் நகரமும் அமைக்க 72,000 கோடி ரூபாய்த் திட்டத்தோடு நிற்கிறது. பணம் இல்லை என்பதல்ல. யாருக்கு என்பதே கேள்வி.

இன்றைக்கு என்ன செய்வது

பொது மருத்துவமனை வலுப்பெறும் வரை நோய் காத்திருக்காது. வாங்கும் சக்தியுள்ள ஒரு தொழிலாளி காப்பீடு எடுத்தால் அது குற்றமன்று. கண்மூடி எடுப்பதே தவறு. முதலில் ஏற்கெனவே உள்ள உரிமைகளைக் கணக்கிட வேண்டும்: ஆயுஷ்மான் அட்டை, தீவு நிர்வாகத் திட்டம், ஈட்டுறுதிக் காப்பீடு, அரசுப் பணியாளருக்கான மருத்துவச் செலவு ஈடு. இவற்றுள் ஒன்று இருப்பின், அதன் மேல் ஒரு சூப்பர் டாப்-அப் பெரும்பாலும் போதுமானது. எதுவும் இல்லாதவருக்கு அடிப்படைச் செலவு ஈட்டுப் பாலிசியே முதல் தேவை. அதில் மண்டல நிபந்தனை, அறை வாடகை வரம்பு, நோயாளி தாங்க வேண்டிய பங்கு ஆகிய மூன்றையும் எழுத்தில் பார்க்க வேண்டும். தீவிர நோய்ப் பாலிசி இதற்குத் துணையாகலாம், மாற்றாகாது.

2024 ஏப்ரல் முதல், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் மூன்றாண்டுகளுக்கு மிகக் கூடாது. ஐந்தாண்டுகள் இடைவிடாது புதுப்பித்தபின், மோசடி நிரூபிக்கப்பட்டாலன்றி, நோயை மறைத்ததாகக் கூறி இழப்பீட்டை மறுக்க முடியாது. ஆகவே சர்க்கரை நோயை மறைத்துப் பாலிசி வாங்கச் சொல்லும் முகவரின் பேச்சைக் கேட்கலாகாது. அந்த மறைப்பே பின்னாளில் நிறுவனத்தின் கையில் ஆயுதமாகும். பாலிசி கிடைத்த 30 நாள்களுக்குள் பிடிக்காவிடில் திருப்பித் தரலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி நீங்கியது. தொழிற்சங்கங்களும் இடதுசாரிகளும் நெடுநாள் எழுப்பிய கோரிக்கை அது. குழுப் பாலிசிகளுக்கு வரி இன்னும் தொடர்கிறது. அந்தமான் மக்களுக்கான காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் கொல்கத்தாவில் உள்ளது. புகாரை இணையவழியிலும் அனுப்பலாம். தொழிற்சங்க அலுவலகத்தில் வாரம் ஒரு மாலை, பாலிசித் தாளைப் படித்துச் சொல்லவும் மறுக்கப்பட்ட இழப்பீட்டுக்கு மனு எழுதவும் ஒரு தோழர் அமர்ந்தால், அது கூட்ட முழக்கத்துக்குச் சற்றும் குறையாத அரசியல் பணி.

ஆனால் பணி அங்கே முடிந்துவிடாது. மனு எழுத வருபவரிடம் அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும்: இந்த அறுவைச் சிகிச்சை ஏன் தீவிலேயே கிடைக்கவில்லை? ஜி.பி. பந்த் மருத்துவமனையில் இதய, புற்றுநோய், நரம்பியல் பிரிவுகளை நிரந்தரப் பணியிடங்களோடு முழுமையாக நிறுவ வேண்டும். மாயாபந்தர், கார் நிக்கோபார் மருத்துவமனைகளில் சிறப்பு மருத்துவர் பணியிடங்கள் காலியாகக் கிடக்கலாகாது. பெருநிலத்துக்கு அனுப்பப்படும் ஒவ்வொரு நோயாளிக்கும் உடன் செல்பவர் ஒருவருக்கும் பயணமும் தங்குமிடமும் அரசின் பொறுப்பாக வேண்டும். வெளித்தீவுகளிலிருந்து அவசர நோயாளிகளைக் கொண்டுவரும் ஹெலிகாப்டர் சேவை, வானிலை நீங்கலாக வேறெந்தக் காரணத்தாலும் தடைபடக் கூடாது. அன்றாட மருந்துகள் துணை மையம் வரை இலவசமாகக் கிடைக்க வேண்டும். ஈட்டுறுதித் திட்டத்தின் 21,000 ரூபாய் ஊதிய வரம்பு உயர்த்தப்பட வேண்டும். மாவட்ட மருத்துவமனைகளைத் தனியார் மருத்துவக் கல்லூரிகளோடு இணைக்க 2020இல் நிதி ஆயோக் முன்வைத்த பாதை எந்தத் தீவுக்கும் வரலாகாது.

முகவரின் தாளில் நான்கு கட்டங்கள் இருக்கின்றன. ஐந்தாவது கட்டமாகிய நல்ல அரசு மருத்துவமனையை எந்த நிறுவனமும் அச்சிட்டுத் தராது. மாத வருமானத்திலிருந்து பிரீமியம் கட்டும் தொழிலாளியையும் கட்ட வழியற்ற தொழிலாளியையும் ஒரே கோரிக்கையின் கீழ் திரட்டும்போதுதான் அந்தக் கட்டம் எழுதப்படும்.